சுவர் விட்டது

ஜுஃபைரில் எங்கள் ஹோட்டலுக்கு மூன்று நட்சத்திரம்.
போர்டில் ஒன்று எரியாது.
இரவுக் கணக்கு என் வேலை.
என் மேசைக்கும் பாருக்கும் நடுவில் ஒரே சுவர்.

வியாழன் என்றால் அறுபதுகளின் பாட்டு.
ரொவேனா பாடுவாள். அவள் அண்ணன் டான்டே
பன்னிரண்டு கம்பி கிட்டார். டிரம்ஸ் கீகோ, இருபத்து மூன்று வயது.
சுவர் எல்லாவற்றையும் விடாது.
சொற்களை நிறுத்திக்கொள்ளும்,
மூன்று குரல் ஒன்றாக ஏறும் இடத்தையும்.
எனக்கு வந்து சேர்வது
பாஸ், டாம்பரின்,
யாரோ நாற்காலி இழுப்பது.

ஆறு வருடம் இப்படித்தான் கேட்டேன்.
என்ன பாட்டு என்று தெரியாது.
எது தாங்குகிறது என்று தெரியும்.
ஒன்று இருக்கிறது, நாலாவது அடியில் பாஸ் ஒரு படி இறங்கும்,
கால்குலேட்டரில் என் விரல் தானாக நிற்கும்.
இன்னொன்று முழுக்க டாம்பரின்தான்,
கண்டக்டர் பையில் சில்லறை குலுங்குகிற மாதிரி.
அந்தக் காலத்தில் அது புதுமையாம்.
இப்போது கேட்டால்
பெல்பாட்டத்தோடு ரிசப்ஷனுக்கு வந்து நிற்கும் சித்தப்பா.

பில் கட்ட வரும்போதெல்லாம் பூ ஜாசிம் சொல்வார்:
ஒரிஜினல் இப்படி இல்லை, இவர்கள் ஓட்டமாக ஓட்டுகிறார்கள்.
எந்த ஒரிஜினல்?
எழுதியவன் கரகரத்த தொண்டையோடு தனியாகப் பாடினான்,
வாங்க ஆளில்லை.
நெற்றியில் முடி விழுந்த நாலு பையன்கள்
அதில் மின்சாரம் ஏற்றினார்கள்.
அந்தத் தட்டை ஒரு கப்பல்காரன் மனாமாவில் விற்றான்,
பூ ஜாசிமுக்குப் பதினேழு வயது.
அவருடைய ஒரிஜினல் அது.
ரொவேனாவுக்கு, அப்பாவின் காசெட்டில்
அந்த நாலு பேரை நகலெடுத்த மணிலாக்காரர்கள்.
கீகோவுக்குப் போனில் முப்பது வினாடி.

சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை:
வந்த புதிதில் இரண்டு வருடம்
என் விசாவில் 'தையல்காரி' என்று இருந்தது.
ஊசியில் நூல் கோக்கத் தெரியாது எனக்கு.
வேறு யாருக்கோ எழுதிய தாளில்தான்
நானும் கடல் தாண்டினேன்.
பாட்டு ஸ்பான்சர் மாற்றிக்கொண்டால்
எனக்கென்ன வந்தது?

ஆகஸ்டில் ஒரு வியாழன், கரண்ட் போயிற்று.
ஜெனரேட்டர் இருமிவிட்டு அடங்கியது.
பார் கதவைத் திறந்து
தீயணைப்பு சிலிண்டரை முட்டுக் கொடுத்தார்கள்.
மைக் இல்லை, ஆம்ப் இல்லை,
வேர்வையும் மெழுகுவர்த்தியும்.
ரொவேனா மெதுவாக, தனியாக, எழுதியவன் மாதிரியே
ஆரம்பித்தாள்.

முதல் முறையாகச் சொற்கள் என்னிடம் வந்தன.
அழகாக இருந்தது என்று எழுத ஆசைதான்.
மழை, சாலை, போகிற பெண், எங்கோ ஒரு யுத்தம்.
காலேஜ் மலரில் போடுவதற்குச் சரி.
ஆட்கள் போனில் வெளிச்சம் ஏற்றித் தலை குனிந்தார்கள்.
பூ ஜாசிம் சிகரெட்டோடு வாசலுக்குப் போனார்.
இத்தனை நாள் நான் கிண்டல் செய்த டாம்பரினுக்காக
எனக்கே கை ஊறியது.

இருட்டில் யாரோ ஒரு சாவிக்கொத்தைத்
தொடையில் தட்டினார்கள்.
கீகோ. ஹவுஸ்கீப்பிங் சாவிகள், நாற்பத்திரண்டு அறை.
ரொவேனா திரும்பிப் பார்க்கவில்லை, வேகம் கூட்டினாள்.
டான்டே கீழ்க்குரலில் சேர்ந்தான்.
பாஸ்காரன், வாயே திறக்காதவன்,
மேலே ஒரு குரல் போட்டான்.
ஆறு வருடம் சுவர் தன்னிடமே வைத்துக்கொண்டது
அப்போதுதான் என் மேசைக்கு வந்தது.
கையில் ஸ்டேப்ளர் இருந்தது.
வெறும் தாளில் நானும் தாளம் அடித்திருக்கிறேன்,
காலையில்தான் பார்த்தேன்,
பின் பின்னாக ஒரு வரிசை.

பூ ஜாசிம் உள்ளே வந்தார். இன்னும் வேகம்தான் என்றார்.
ஆனால் உட்கார்ந்தார்.

அன்றைய கணக்கு கையால் எழுதியது.
பதினொன்றரை தினார் உதைக்கிறது.
மேனேஜர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.